ஆர்க்காட்டு மண்ணில் ஒரு குடும்பம்: நிலம், திருச்சபை, வழித்தோன்றல்கள்

திருத்தணியின் பழைய ஆவணங்களைத் தேடப் புறப்படுபவர், இவ்வூர் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது என்ற வினாவிலேயே முதலில் தடுமாற நேரும். கார்வேட்டிநகர் ஜமீனுக்கு உட்பட்டிருந்த இம்மலைக்கோயில் நகரம், ஆங்கிலேயர் வகுத்த வட ஆர்க்காடு மாவட்டத்தில் அமைந்திருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுடன் சென்றது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அங்கேயே தங்கிவிட்டது. ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்திற்கும் படாஸ்கர் அளித்த தீர்ப்பிற்கும் பின்னர், 1960 ஏப்ரல் 1ஆம் நாள் தமிழ்நிலத்துடன் மீண்டும் இணைந்தது. இன்று அது திருவள்ளூர் மாவட்டத்து ஊர். ஆயினும், அதன் 19ஆம் நூற்றாண்டுச் செய்திகளைத் தேடுவோர் 'ஆர்க்காடு' என்னும் பெயரின்கீழ்த்தான் தேட வேண்டும்.

1888இல் இவ்வூரில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றபின், 1900ஆம் ஆண்டளவில் மேற்படிப்புக்காக வேலூருக்குச் சென்றார். அவர் சேர்ந்த கல்லூரி இன்று ஊரிசு கல்லூரி என்று வழங்கப்படுகிறது. அதனை நடத்தியது அமெரிக்க ஆர்க்காடு மிஷன். பிற்காலத்தில் இந்தியக் குடியரசின் தலைவராகப் பொறுப்பேற்ற ஒருவர், தம் பதின்பருவத்தின் சில ஆண்டுகளை இந்த மிஷனின் கூரையின்கீழ்க் கழித்தார் என்பது நம்மில் பலரும் கேள்விப்பட்டதே. அந்த மிஷனைத் தோற்றுவித்தது ஒரே குடும்பம் என்பதும், அக்குடும்பத்தின் தொடக்கம் யாழ்ப்பாணத்தில் இருந்தது என்பதும் அவ்வளவாக அறியப்படாதவை. அக்குடும்பத்தின் நிலமும் திருச்சபையும் வழித்தோன்றல்களும் என்ன ஆயின என்பதை இக்கட்டுரையில் சற்று விரிவாக நோக்குவோம். இதில் நம் சமுதாயத்தைத் தொட்டுச் செல்லும் பகுதியும் ஒன்றுண்டு.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1793இல் பிறந்த ஜான் ஸ்கட்டர், நியூயார்க் நகரில் மருத்துவத் தொழில் நன்கு நடந்துகொண்டிருந்த காலத்தில் அதனைத் துறந்து, 1819இல் துணைவி ஹாரியட்டுடன் கப்பலேறினார். அமெரிக்காவிலிருந்து அயல்நாட்டுக்கு அனுப்பப்பெற்ற முதல் மருத்துவ மிஷனரி இவரே என்பர். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் இவருக்கு இடம் ஒதுக்கப்பட்டது. போர்த்துக்கீசர் எழுப்பி, ஒல்லாந்தர் கைக்கு மாறி, இறுதியில் பாழடைந்து கிடந்த ஒரு தேவாலய வளாகமே அவ்விடம். ஒரு பேரரசு கட்டியதை மற்றொன்று கைப்பற்ற, மூன்றாவது பேரரசு அதனை நான்காம் நாட்டவருக்கு வழங்கிற்று. இக்குடும்பத்தின் நிலக்கதை இப்படித்தான் தொடங்குகிறது. உள்ளூர் உழவரோ கோயிலாரோ இதில் எங்கும் கலந்தாலோசிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

1836இல் ஸ்கட்டரும் அவருடைய உடனூழியர் மைரன் வின்ஸ்லோவும் சென்னைக்கு இடம்பெயர்ந்தனர். வின்ஸ்லோ 1862இல் வெளியிட்ட தமிழ்–ஆங்கிலப் பேரகராதி 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. தமிழாய்வாளர் இன்றளவும் எடுத்துப் புரட்டும் நூல் அது. ஹாரியட் 1849இல் சென்னையில் காலமானார். ஜான் ஸ்கட்டர் உடல்நலம் தேடிச் சென்ற தென்னாப்பிரிக்க மண்ணில் 1855 ஜனவரியில் உயிர்நீத்தார். அவர்களுடைய புதல்வர் எழுவரும் தமிழகத்துக்கே மிஷனரிகளாகத் திரும்பினர். புதல்வியர் இருவரும் அப்பணியில் பங்கேற்றனர்.

மூத்த மகன் ஹென்றி மார்ட்டின் ஸ்கட்டர் பண்டத்தரிப்பில் பிறந்தவர். தமிழ் அவருக்கு மழலை மொழி. சென்னையில் மருத்துவமும் கற்ற அவர், 1850களின் தொடக்கத்தில் ஆர்க்காட்டில் குடியேறினார். தம்பியர் வில்லியமும் ஜோசப்பும் உடன்வர, 1853இல் ஆர்க்காடு மிஷன் உருவாயிற்று. அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையின் ஆதரவில் அது ஆர்க்காடு, வேலூர், சித்தூர், திண்டிவனம் எனப் பரவி, பின்னர் மதனப்பள்ளி வரை எட்டித் தெலுங்கு நிலத்திலும் வேர்விட்டது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் நிலப்பகுதியைத் தன் களமாகக் கொண்ட மிஷன் அது.

இங்கே நாம் சற்று நின்று, அக்காலத்து ஆர்க்காட்டைக் கண்முன் கொண்டுவர வேண்டும். நவாப் சஆதத்துல்லா கான் துயிலும் அடக்கத்தலமும் ஜாமிஆ பள்ளிவாசலும் அமைந்த தலைநகர் அது. திப்பு சுல்தானுக்குப் பெயர் வழங்கிய திப்பு அவுலியாவின் தர்காவும் அங்கேதான் உள்ளது. நவாப் வாலாஜா முஹம்மது அலி 1768இல் சென்னைச் சேப்பாக்கத்தில் மாளிகை எழுப்பிக் குடிபெயர்ந்த பிறகு ஆர்க்காடு தன் பொலிவை இழக்கத் தொடங்கியது. 1801இல் நாட்டாட்சி முழுவதும் கம்பெனியின் வசமாயிற்று. முதல் ஸ்கட்டர் மறைந்த அதே 1855ஆம் ஆண்டில்தான், கவிஞராகவும் விளங்கிய நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி இறந்தார். கம்பெனி நவாப் பட்டத்தையே இல்லாதொழித்தது. சேப்பாக்கம் மாளிகை அரசின் கைக்குச் சென்றது. ஒரு குடும்பம் ஆர்க்காட்டின் பெயரைத் தன் பணிக்குச் சூட்டிக்கொண்ட அந்தச் சில ஆண்டுகளில், அப்பெயரால் ஆண்ட மற்றொரு குடும்பம் அதனை இழந்து நின்றது. இவை காரணகாரியத் தொடர்புடைய நிகழ்வுகள் அல்ல. எனினும், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் அவ்வட்டாரத்தின் வரலாற்றை எழுதுவது முறையாகாது.

பாலாற்றின் மறுகரையில் உள்ளது இராணிப்பேட்டை. செஞ்சித் தேசிங்கு ராசன் நவாபின் படையோடு பொருது மடிந்தபின், உடன்கட்டை ஏறிய அவன் தேவியின் நினைவாகச் சஆதத்துல்லா கானே இவ்வூரை அமைத்தார் என்பது வழிவழிச் செய்தி. வென்றவர் தோற்றவனின் மனைவிக்காக ஊரெழுப்பியது நம் நாட்டு வரலாற்றில் அரிதாகவே காணக்கூடிய செயல். பின்னர் ஆங்கிலேயரின் படைமுகாமாக விளங்கிய அந்த ஊரில், எழுவரில் ஒருவரான சைலஸ் ஸ்கட்டர் 1866இல் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். பிற்காலத்தில் ஸ்கட்டர் நினைவு மருத்துவமனை எனப் பெயர்பெற்றது அதுவே.

திருச்சபையைப் பற்றிச் சொல்ல வேண்டியது சிக்கலானது. ஆர்க்காடு மிஷன் தொடக்கத்தில் ஆங்கிலக் கல்விச்சாலைகளை நம்பவில்லை. மக்களின் மொழியில் நேரடியாகப் பேசுவதையே தன் வழியாகக் கொண்டது. ஹென்றி ஸ்கட்டர் கடைத்தெருப் பிரசங்கிகளுக்கெனத் தமிழில் எழுதியவற்றில், பிற சமயங்களை மறுக்கும் வாதங்கள் நிறைந்திருந்தன. மிஷன் கல்லூரிகளின் வகுப்பறைகளிலும் இந்தத் தொனி கேட்டது. கிறித்தவ விமர்சகர்களின் அறைகூவலே தம்மை இந்து சமயத்தை ஆழ்ந்து கற்கத் தூண்டியது என இராதாகிருஷ்ணன் பின்னாளில் எழுதினார். வேலூரிலும் அதன்பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் தாம் கேட்டவற்றுக்கு விடை தேடியே வேதாந்தத்தின் அறவியல் பற்றிய ஆய்வை அவர் 1908இல் எழுதினார். மாணவனைத் தன்பால் ஈர்க்க எண்ணிய கல்விக்கூடம் அவனை அவனுடைய முன்னோரின் நூல்களிடம் திருப்பி அனுப்பிற்று. மிஷனின் ஆண்டறிக்கைகள் இதனைத் தோல்வி என்று கணக்கிட்டிருக்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை.

கிராமங்களிலோ நிலைமை வேறு. மிஷனை நாடிவந்தவருள் பெரும்பாலோர் நிலமற்ற, பண்ணைகளில் அடிமைப்பட்டுக் கிடந்த ஒடுக்கப்பட்ட மக்கள். அவர்களுக்குத் தேவாலயத்தைவிட முன்னதாக வேண்டியிருந்தது குடிசை போட ஒரு துண்டு மண். தம் நிலத்தில் குடியிருப்பவன் மதம் மாறினாலோ எதிர்த்துப் பேசினாலோ அவனை வெளியேற்றும் வலிமை மிராசுதார்களிடம் இருந்தது. இந்த உண்மையை வெளிப்படையாக அரசின் முன் வைத்தவர்களுள் ஒருவர் திருவள்ளூர்ப் பகுதியில் பணியாற்றிய வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடி. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையும், அதன் வழியாக 1892இல் பிறந்த அரசாணையும், இன்று 'பஞ்சமி நிலம்' என நாம் அழைக்கும் ஒதுக்கீட்டுக்கு அடிகோலின. அந்நிலங்களுள் எத்தனையோ இன்று பிறர் பட்டாவில் இருப்பது தனியே எழுதவேண்டிய துயரம்.

இனி, நம்மைத் தொடும் பகுதிக்கு வருவோம்.

எழுவருள் இளையவரான இரண்டாம் ஜான் ஸ்கட்டரின் மகள் ஐடா, 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். 1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருடப் பெரும் பஞ்சத்தைக் குழந்தைக் கண்களால் கண்டவர். பின் அமெரிக்காவில் வளர்ந்த அவருக்கு மிஷனரி வாழ்வில் நாட்டமே இல்லை. தாய் நோயுற்றதால் 1890களின் தொடக்கத்தில் தற்காலிகமாகத் திண்டிவனம் வந்திருந்தார். அங்கே ஓர் இரவில், மகப்பேற்று வேதனையில் துடிக்கும் மனைவியைக் காப்பாற்ற வேண்டி மூன்று கணவர்கள் ஒருவர்பின் ஒருவராக அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். முதலில் வந்தவர் ஒரு பிராமணர்; அடுத்தவர் ஒரு முஸ்லிம்; மூன்றாமவர் மற்றோர் உயர்சாதி இந்து. தாம் மருத்துவர் அல்லர், தம் தந்தையே மருத்துவர், அவரை அழைத்துச் செல்லலாம் என்று ஐடா மூவரிடமும் கூறினார். மூவரும் மறுத்துத் திரும்பினர். அந்நிய ஆடவன் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதற்கு வழக்கம் இடந்தரவில்லை. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தனர். ஐடாவே பலமுறை எடுத்துரைத்த இந்நிகழ்ச்சி, வேலூர் மருத்துவக் கல்லூரியின் தோற்றக் கதையாக நூல்களில் இடம்பெற்றுள்ளது. நாம் படித்தவரை, அக்கதையில் அப்பெண்களின் பெயர்கள் இல்லை.

இந்நிகழ்ச்சியை மிஷனரி நூல்கள் கிழக்கத்திய மூடப்பழக்கத்தின் சான்றாகக் காட்டுவதுண்டு. அதனைக் கேட்டுச் சினப்பதோடு நின்றுவிடுவது நமக்கு அழகன்று. ஃபிக்ஹு நூல்கள் இதுபற்றி என்ன கூறுகின்றன? பெண் மருத்துவர் கிடைக்காத நிலையில், உயிருக்கு ஆபத்து நேரும் வேளையில், ஆண் மருத்துவர் தேவையான அளவுக்குப் பார்த்தும் தொட்டும் சிகிச்சை அளிக்கலாம் என்பது சட்ட அறிஞர்களின் தெளிவான நிலைப்பாடு. நிர்ப்பந்த நிலை தடைகளைத் தளர்த்தும் என்பது அவர்கள் வகுத்த பொதுவிதிகளுள் தலையாயது. ஆகவே, அவ்விரவில் அந்த முஸ்லிம் கணவரைத் தடுத்தது மார்க்கச் சட்டம் அன்று. அவருக்கு முன்னும் பின்னும் வந்த இருவரையும் தடுத்த அதே ஊர்வழக்கமே அவரையும் தடுத்தது. மூன்று வெவ்வேறு நெறிகளைச் சார்ந்தவர்கள் ஒரே சொல்லைச் சொல்லித் திரும்பினார்கள் என்பதே இதற்குப் போதிய சான்று.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவின் அறிவு பற்றிய பகுதியில், மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயாவாக, அதாவது ஊரில் எவரும் செய்யாவிடின் அனைவரும் குற்றவாளிகளாகும் கடமையாக வகைப்படுத்துகிறார். முஸ்லிம் மருத்துவரே இல்லாத ஊர்கள் எத்தனையோ இருக்க, மாணவர்கள் அனைவரும் சட்டவாதங்களைக் கற்கவே முண்டியடிக்கிறார்களே என்று அவர் வருந்துவதும் அங்கேயே உள்ளது. பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அவருடைய வருத்தம், 1890களின் தமிழகத்துக்கு அப்படியே பொருந்தியது. அக்காலத்து வேலூரில் ஷம்சுல் உலமா அப்துல் வஹ்ஹாப் ஹஸ்ரத் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் கலாசாலை, தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஆலிம்களை அனுப்பிப் பெரும்புகழ் ஈட்டியது. அதன் மாண்பில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் கோஷாப் பெண்களுக்கு ஒரு மருத்துவச்சியைப் பயிற்றுவிக்கும் சாலையை நம் செல்வர்கள் எவரும் அங்கே எழுப்பவில்லை. சென்னையில் 1885இல் கோஷா மருத்துவமனையைத் தோற்றுவித்ததும் மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணியே.

ஐடா நாடு திரும்பி மருத்துவம் பயின்று, 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். ஒரு வங்கியாளர் தம் மறைந்த துணைவியின் நினைவாக அளித்த 10,000 டாலர் நன்கொடையுடன் 1900இல் வேலூர் வந்து சேர்ந்தார். அவ்வாண்டிலேயே தந்தை மறைந்தார். பங்களாவின் ஒரு சிற்றறையில் தொடங்கிய சிகிச்சை, 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனையாக வளர்ந்தது. திருத்தணி இளைஞர் இராதாகிருஷ்ணன் அதே வேலூர்த் தெருக்களில் மாணவராக நடமாடிய ஆண்டுகள் அவை. நகருக்கு வர இயலாதவர்களுக்காகக் குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் நிறுத்தி மருந்தளிக்கும் முறையையும் ஐடா தொடங்கினார்.

ஒருவர் கைவேலை ஒரு மாவட்டத்துக்குப் போதாது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. முதல் அணியில் 14 பேர் 1922இல் தேர்ச்சி பெற்று வெளியேறினர். அவர்கள் அனைவரும் பெண்கள் என்பதை மீண்டும் சொல்ல வேண்டும். திண்டிவனத்துக் கதவைத் தட்டிய மூவரும் வேண்டி நின்றது இத்தகைய பெண்களைத்தானே! பாகாயத்தில் ஏறத்தாழ 200 ஏக்கர் பரப்பில் கல்லூரி வளாகம் 1930களில் எழுந்தது. 1942இல் பட்டப்படிப்பு வந்தது. 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர்.

நிலத்தின் உரிமை யாருக்குச் சென்றது என்ற வினாவுக்கு இப்போது திரும்புவோம். 1908இல் தென்னிந்திய ஐக்கியத் திருச்சபையிலும், 1947 செப்டம்பர் 27இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையிலும் ஆர்க்காட்டுச் சபைகள் கலந்தன. மிஷன் சொத்துகள் படிப்படியாக உள்நாட்டுத் திருச்சபையின் பொறுப்புக்கு வந்தன. வேலூர் மருத்துவக் கல்லூரியோ பல திருச்சபைகள் கூடி நடத்தும் ஒரு சங்கத்தின் உடைமை. நான்கு தலைமுறைகளில் 40க்கு மேற்பட்ட ஸ்கட்டர்கள் இம்மண்ணில் பணியாற்றியும், மருத்துவமனையோ கல்லூரியோ ஆலய நிலமோ எதுவும் அக்குடும்பத்தின் வாரிசுரிமை ஆகவில்லை. ஐடா தலைமையைத் துறந்தபின் 1940களின் இறுதியில் நிறுவனத்தின் இயக்குநரானவர் இந்தியப் பெண்மணியாகிய டாக்டர் ஹில்டா லாசரஸ்.

இதைப் படிக்கும் நம் வாசகர்களுக்கு வக்ஃபு நினைவுக்கு வராமற் போகாது. அல்லாஹ்வின் உடைமை என்று எழுதிவைக்கப்பட்ட நிலத்தை முத்தவல்லி அமானிதமாகப் பேணவேண்டும். விற்கவோ, வாரிசுகளுக்குப் பங்கிடவோ கூடாது என்பதே அதன் சட்டம். ஆர்க்காட்டு நவாபுகளும் வட்டாரச் செல்வர்களும் பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் மத்ரஸாக்களுக்கும் இவ்வகையில் வாரி வழங்கினர். அவற்றுள் எத்தனை, முத்தவல்லியின் பேரன் காலத்தில் தனிப்பட்டாவாக மாறின என்பதை ஊர் பெரியவர்கள் அறிவர். கொள்கையளவில் நம்மிடம் இருந்த ஏற்பாடு பழமையானது, உறுதியானதும்கூட. சங்கம், ஆட்சிமன்றம், தணிக்கை என்னும் நடைமுறைகளை இணைத்து அதனைக் காப்பதில்தான் நாம் பின்தங்கினோம். மறுபுறம், திருச்சபைச் சொத்துகளில் வழக்குகளும் பூசல்களும் இல்லை என்று எவரும் சாதிக்க முடியாது. நீதிமன்றங்களின் தீர்ப்புத் தொகுதிகள் அவற்றுக்குச் சான்று. ஆகவே, குறை ஒரு சமுதாயத்துக்கு மட்டும் உரியதன்று.

ஐடா ஸ்கட்டர் திருமணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய பெயரையே தாங்கிய மருமகள் ஒருவர் வேலூரில் கதிரியக்கத் துறையை வளர்த்தெடுத்தார். உறவினரான கேலன் ஸ்கட்டர் இராணிப்பேட்டை மருத்துவமனையை நெடுங்காலம் நடத்தினார். அவர்களுக்குப் பின் அக்குடும்பத்தார் அமெரிக்காவில் பலதிசைகளிலும் பரவிவிட்டனர். ஓய்வுக்காலத்தைக் கொடைக்கானலில் கழித்த ஐடா, 1960 மே மாதம் தம் 89ஆம் வயதில் மறைந்தார். திருத்தணி ஆந்திரத்திலிருந்து தமிழ்நிலத்துக்கு வந்து சேர்ந்து அப்போது இரண்டு மாதங்கள்கூட முடியவில்லை.

2022இல் வேலூர் மருத்துவக் கல்லூரி தன் புதிய பெரு வளாகத்தை இராணிப்பேட்டைக்கு அருகில், சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையோரம் திறந்தது. சைலஸ் ஸ்கட்டரின் மருத்துவமனை தோன்றியதும் ஐடா பிறந்ததும் அதே ஊரில்தான். எல்லைக்கு இருபுறமிருந்தும், தமிழும் தெலுங்கும் உருதும் பேசும் நோயாளிகள் இன்று அங்கு வந்துபோகின்றனர். பர்தா அணிந்த நம் பெண்களும் அவர்களுள் உளர்.